நோய் போன பிறகு வந்த பிள்ளை



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தியின் குழந்தைக்குப் போன வாரம் முதல் சோறு ஊட்டினார்கள். நானும் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் இருந்த அம்மா என் காதருகே வந்து, "இந்தப் பொண்ணுக்குத்தானே கேன்சர்? பிள்ளை பெத்துக்க எப்படி விட்டாங்க?" என்றார். சாப்பாட்டு இலையில் வைத்து விளக்கவா முடியும்? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம், வயது 23. கழுத்தில் நெறிகட்டி வந்து கரையவே இல்லை. சதையை எடுத்துப் பரிசோதித்ததில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1832-இல் விவரித்த நோய். (வாத்தியார் புத்தி, ஆண்டைச் சொல்லாமல் விட மனசு வராது.) இளம் வயதினருக்கு அதிகம் வருவது. பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுவதும் உண்மை. இவளுக்கு ஆறு மாதம் கீமோ கொடுத்தார்கள். ஏபிவிடி என்ற நான்கு மருந்துகள். இளம் பெண்களின் சினைப்பையை இது அவ்வளவாகக் கெடுப்பதில்லை. வேறு சில கடுமையான கீமோக்கள் கெடுக்கும். அதனால்தான் சிகிச்சை தொடங்கும் முன்பே கருமுட்டையைச் சேமிப்பது பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

குணமான பின் இரண்டு வருஷம் பொறுக்கச் சொன்னார் டாக்டர். நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் அந்தக் காலத்திலேயே திரும்பிவிடுமாம்.

இந்த இடத்தில் அவள் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எட்டாவதுதான் படித்தவர். பயந்தவர்தான். ஆனால் ஊர் வாயைக் கேட்காமல், நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கேள்விகளை எழுதிக்கொண்டு மருமகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கர்ப்பமானால் நோய் திரும்புமா? திரும்பும் வாய்ப்பு அதனால் கூடுவதில்லை. ஸ்வீடனில் இந்நோயிலிருந்து மீண்ட பெண்களிடம் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். பிள்ளைக்கு வருமா? நெருங்கிய உறவில் வாய்ப்பு சற்றே கூடுதல், அவ்வளவுதான். தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் வரும் என்ற கணக்கே இல்லை. தாய்ப்பால்? தாராளமாக. (மார்பில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு அந்தப் பக்கம் பால் குறையலாம். தைராய்டும் பார்க்க வேண்டும். இவளுக்குக் கதிர்வீச்சு இல்லை.)

அந்தத் தாளில் இல்லாத ஒன்றை டாக்டரே சொன்னார்: இதயம். நான்கில் ஒரு மருந்து, சிவப்பாக இருக்குமே, அது இதயத் தசையைப் பலவீனமாக்கக் கூடியது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. அந்தப் பாரத்தை இதயம் தாங்க வேண்டுமே! அதனால் முன்பே எக்கோ, நடுவில் மறுபடி எக்கோ. இன்னொரு மருந்து நுரையீரலைத் தொடும் என்பதால், சிசேரியன் என்றதும் மயக்க மருந்து டாக்டரிடம் கீமோ விவரத்தைக் காட்டினார்கள். பழைய ஃபைல் முழுவதும் மாமியாரின் மஞ்சப்பையில் தயாராக இருந்தது.

வளைகாப்பில் "கூட்டம் வேண்டாம், கண்ணு பட்டுடும்" என்று இழுத்தவர்கள் உண்டு. அவர்தான் முதல் வளையலைப் போட்டார்.

பெண் குழந்தை. பிறந்தபோது 2.9 கிலோ. அம்மாவுக்கு அடுத்த மாதம் செக்கப். அது ஆயுசுக்கும் உண்டு, போவாள்.

உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டுப் பெண்களுக்காவது இந்த நிலைமை என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பேசத் தயார் என்று சொல்லியிருக்கிறாள். நம்பர் தருகிறேன். சாயங்காலம் கூப்பிடுங்கள், காலையில் பிள்ளை விடமாட்டாளாம்.