தலைப்பில் நான் வைத்த சொல்

உலக அரசியலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவது என் தொழில். பொருளாதாரத் தடைக்கு ஆளாகி, யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு நாட்டைக் குறிக்க அந்த மொழியில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: பரையா. அதைப் பல ஆண்டுகள் தயங்காமல் எழுதினேன். அது எங்கிருந்து போன சொல் என்று தெரியாமல் எழுதியிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். எனக்குத் தெரியும், கல்லூரி நாளிலிருந்தே தெரியும்.

பறையர் என்ற நம் ஊர்ச் சாதிப் பெயர்தான் அது. பறை என்ற தோற்கருவியின் அடியாகப் பிறந்தது என்பது பரவலான கருத்து. ஆனால் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்தவர்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துவார்த்தே பர்போசா என்ற போர்ச்சுக்கீசியரின் குறிப்புகளில் அது ஏறிவிட்டது. இன்று பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ரஷ்யன் என்று எங்கு போனாலும் ஒதுக்கப்பட்டவருக்கு அதே பெயர்.

ஒருமுறை கட்டுரைத் தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்தேன். பக்கம் முடியும் நேரத்தில் இளம் துணையாசிரியர் ஒருவர் போன் செய்தார். "சார், அந்த வார்த்தையை மாத்திக்கலாமா? எங்க ஊர்ல எங்கப்பாவை இன்னும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க."

நான் அந்தச் சமூகத்தில் பிறந்தவனல்ல. அந்தச் சொல்லால் யாரும் என்னையோ என் அப்பாவையோ கூப்பிட்டதில்லை. கேட்டதும் "மாற்றிவிடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ பாடம் நடத்தினேன்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1791-ல், பெர்னார்தேன் த சேன்பியேர் எழுதிய கதையில் உண்மையைத் தேடி இந்தியா வரும் ஆங்கிலேய அறிஞருக்கு அது ஒரு பறையரின் குடிசையில்தான் கிடைக்கிறது என்றேன். 1821-ல் பாரிஸில் அந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட ஒரு நாடகம். 1829-ல் நேப்பிள்ஸில் அதைத் தழுவி தோனிசெட்டியின் இசைநாடகம். கோதே அந்தப் பெயரில் மூன்று பகுதிக் கவிதை எழுதினார். யூதரான மிகாயேல் பேர் 1823-ல் பெர்லினில் அதே பெயரில் நாடகம் போட்டுத் தன் மக்களின் நிலையைச் சொன்னார். கொடுமைக்காரக் கணவனைப் பிரிந்து, அப்பாவின் சொத்தில் பங்கு கேட்டு பெரு வரை போன ஃப்ளோரா திரிஸ்தான், 1838-ல் வெளியிட்ட பயண நூலின் தலைப்பிலேயே தன்னை அப்படி அழைத்துக்கொண்டார். "அங்கே அது வசவு இல்லை, அனுதாபச் சொல்" என்று முடித்தேன்.

"சரி சார்" என்று போனை வைத்துவிட்டார். தலைப்பு அப்படியே அச்சாகியது.

நான் சொன்ன தகவல்களில் பிழையில்லை. அவர் வாயை அடைக்க அவற்றைப் பயன்படுத்தியதுதான் என் குற்றம். மிகாயேல் பேரும் ஃப்ளோராவும் அந்தப் பெயரைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். வேண்டாதபோது கழற்றி வைக்க அவர்களால் முடியும். இங்கே அது பிறக்கும்போதே சுமத்தப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்துத் தலைநிமிர்ந்தார். அயோத்திதாசப் பண்டிதரோ அது எதிரிகள் சூட்டிய பெயர் என்று அடியோடு மறுத்தார். எம்.சி. ராஜா 1922-ல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் ஆதி திராவிடர் என்று எழுதவைத்தார். அந்தப் பெயருக்கு உரியவர்களே அதைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறார்கள். இதெல்லாம் அன்றும் எனக்குத் தெரிந்தே இருந்தது. சொன்னால் அவர் கேட்டது நியாயம் என்றாகிவிடும் என்பதால்தான் மறைத்தேன். என்னைவிட இளையவரிடம் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே கட்டுரையைத் தமிழில் ஒரு வார இதழுக்குக் கொடுத்தபோது 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' என்றே எழுதினேன். தமிழில் அந்தச் சொல்லை எழுத என் கை வராது. படிப்பவர் முகம் கண்முன் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த முகங்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவற்றில் ஒன்று என் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்த அந்தத் தம்பியின் முகம்.

இப்போது நான் அந்தச் சொல்லை எழுதுவதில்லை. அவரிடம் மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அச்சாகி அவர் கண்ணில் படுவதற்கு முன் போன் செய்து கேட்டுவிட வேண்டும்.