கிணறு நடவாது

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது, சங்க இலக்கியத்திலோ திருமுறையிலோ ஒரு துறையை எடுத்து எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். ஆசிரியர் கலாசாலையிற் பயின்று பெற்ற பயிற்சிச் சான்றிதழும், வகுப்பறையிற் குடித்த சுண்ணக்கட்டித் தூசியுமே எமது முதல். எனினும், கணினியில் வரையும் படங்கள் கைமாறும்போது அவற்றின் அளவு மாறாமற் காக்கும் வகையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அது பொறியியலாளர்க்குரிய பொருளன்றோ என்பார்க்கு எமது விடை இதுவே: அத்துறையிற் பிழைசெய்தோர் யாம், ஆதலின் எழுதும் உரிமையும் எமக்குண்டு.

நம் கல்லூரியின் பழைய மண்டபத்தைப் பழைய மாணவர் மறந்திரார். காலை வழிபாடும், நாவன்மைப் போட்டியும், மழைநாளில் மூன்று வகுப்புக்கள் ஒருங்கே இரைவதும் அங்கேதான். 2008ஆம் ஆண்டிலே கிளிநொச்சி மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தபொழுது மண்டபம் நின்றது. 2010இல் மீண்டு வந்தபொழுது அது இல்லை. இடிபாடுகளை அகற்ற வந்த இயந்திரம் அத்திவாரத்தையும் கிளறிச் சென்றது. எஞ்சியவை வாயிற்றூண் ஒன்றும் கிணறுமே.

பழைய இடத்திலே, பழைய அளவிலே மண்டபத்தை எழுப்புவோம் எனச் சங்கத்தார் முடிவுசெய்தனர். ஆனால் அப்பழைய அளவு யாது? அலுவலகத்திலிருந்த மூலப்படம் போயிற்று. நற்பேறாக, அதன் போட்டோப்பிரதியொன்றைப் பழைய மாணவர் ஒருவர் வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ்களோடும் காணி உறுதியோடும் ஒரே பையில் அதனை வைத்து, பதுங்குகுழிகளுக்குள்ளும் முகாமுக்குள்ளும் சுமந்து திரிந்து, மீண்டும் கொண்டுவந்து அதிபரிடம் ஒப்படைத்தார். அது மடிப்புக்களிற் கிழிந்திருந்தது, அளவிலக்கங்கள் மங்கிவிட்டன. தலைப்பின்கீழ் ஒரு வாசகம் மட்டும் தெளிவாயிருந்தது: எட்டிலொரு அங்குலம் ஓர் அடி.

அவ்வாசகம் மூலப்படத்தில் மெய். எம் கையிலிருந்த பிரதியிலோ பொய். பிரதியெடுத்தவர் பெரிய படத்தைச் சிறிய தாளுக்குள் ஒடுக்கியிருந்தார். படம் சுருங்கியபொழுது சுவர்களும் கிணறும் சுருங்கின. வாசகத்தின் எழுத்துக்களும் சுருங்கின. ஆனால் அதன் பொருள் சுருங்கவில்லை. 1800ஆம் ஆண்டிலே தொடங்கிய நம் நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்களையும் இங்கு எண்ணலாம். மைலுக்கு ஓர் அங்குலமாக வரைந்த அப்படங்கள் நிலத்தை 63,360இல் ஒரு பங்காகக் காட்டுவன. பின்வந்த மெற்றிக் படங்கள் 50,000இல் ஒரு பங்கு. பழையதைப் பெருப்பித்துப் புதியதன்மேல் வைப்பவர், அதிலுள்ள “மைலுக்கு ஓர் அங்குலம்” என்னும் சொல்லை நம்பினாற் கெட்டார்.

எம்மைக் காத்தது பிரதியின் அடியிலே கிடந்த ஒரு கோடு. பூச்சியம், பத்து, இருபது, முப்பது அடி எனக் கட்டங்கட்டமாகப் பிரித்து அக்காலப் படவரைஞர் வரைந்த அளவுக்கோடு அது. படம் சுருங்கினால் அதுவும் உடன் சுருங்கும்; விரிந்தால் உடன் விரியும். ஆதலின் எத்தனை கை மாறினும் அது பொய் சொல்லாது. ரொறன்ரோவில் வாழும் நம் பழைய மாணவப் பொறியியலாளர் ஒருவர் பிரதியின் படிமத்தைக் கணினியில் ஏற்றி, அக்கோட்டின் இரு முனைகளையும் தொட்டுக் காட்டி, “இது முப்பதடி” என்று ஆணையிட்டார். படம் முழுவதும் அதற்கேற்ப விரிந்து உண்மை அளவை அடைந்தது. மண்டபம் அறுபதடி நீளம், முப்பதடி அகலம் எனத் தெரிந்தது.

கணினிப் படத்திலே பொருளை அதன் முழு அளவில் வரைவதே முறை என்றும், நூற்றிலொரு பங்காகச் சுருக்குவது தாளிலே பதிக்கும் வேளையில் மட்டுமே என்றும் அவர் எமக்கு விளக்கினார். எமக்கு மாத்திரை நினைவுக்கு வந்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. விரைந்து படிப்பினும் மெல்லப் படிப்பினும் இவ்விகிதம் மாறாது. ஆனால் அவ்வொன்று எவ்வளவு நேரம்? அதற்காகவே தொல்காப்பியர் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாக வைத்தார். கணினிக் கோப்பும் இத்தகையதே. விகிதத்தை அது நன்கு காக்கும். கண்ணிமை எதுவென்பதை மறந்துவிடும்.

மறந்தது. அவர் அங்குலக் கணக்கில் வரைந்தமையால் மண்டபத்தின் நீளம் கோப்பினுள் 720 என்னும் வெற்றிலக்கமாக இருந்தது. இங்குள்ள படவரைஞரின் கணினி மில்லிமீற்றரில் எண்ணுவது. மின்னஞ்சலில் வந்த கோப்பை அவர் திறந்தபொழுது, நம் மண்டபம் இரண்டடி நான்கு அங்குல நீளத்தில், கோழிக்கூடு போலக் கிடந்தது! இலக்கங்களை 25.4ஆற் பெருக்கியதும் 18,288 மில்லிமீற்றர் என நிமிர்ந்தது. 1982இல் வெளிவந்த ஓட்டோகாட் போன்ற மென்பொருள்களின் இன்றைய கோப்புக்களில் அலகைக் குறிக்க ஒரு சிற்றிடம் உண்டு: 1 என்றால் அங்குலம், 2 அடி, 4 மில்லிமீற்றர், 6 மீற்றர், 0 என்றால் அலகில்லை. அனுப்பியவர் அதனை 0 ஆகவே விட்டிருந்தார். அமெரிக்கர் செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலமொன்று, ஒரு சாரார் இறாத்தலிலும் மறுசாரார் நியூற்றனிலும் கணக்கிட்டமையால் 1999இல் அழிந்தது என்பதை அறிந்தபின், எம்மவரைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை.

இருபத்தைந்து மடங்குப் பிழையைக் குழந்தையும் கண்டுபிடிக்கும். நூற்றுக்கு மூன்று என்னும் பிழையே கொடிது. அதனைச் செய்தோர் யாமே.

சங்கத்தின் உதவிச் செயலாளர் என்ற முறையில், வளாகப் படத்தை நகரத்துக் கடையொன்றில் அச்சிட்டுவரும் பணி எம்மிடம் வந்தது. படத்தின் தலைப்பிலே கல்லூரிச் சின்னமும் பெயரும் ஓரத்தை ஒட்டி அமைந்திருந்தன. முதற்றாளிற் சின்னத்தின் விளிம்பு வெட்டுண்டது. எமக்குப் பொறுக்கவில்லை. “ஓரம் வெட்டுப்படாமல் அடித்துத் தாரும்” என்றோம். கடைக்காரரும் தாளுக்குப் பொருந்துமாறு ஒரு பொத்தானை அழுத்தினார். சின்னம் முழுமையாக வந்தது. படம் நூற்றுக்கு 97 பங்காயிற்று. மகிழ்ந்து சுருட்டிக்கொண்டு வந்தோம். படத்தின் அடியில் ரொறன்ரோ அன்பர் மறவாது வரைந்திருந்த அளவுக்கோட்டை யாம் ஏறெடுத்தும் பாரோம்.

அத்தாளிலே அளவிலக்கங்கள் இல்லை. அவை இருந்த மற்றைத் தாள் கூரை செய்பவரிடம் போய், முப்பதடிக்கு இரும்புச் சட்டகங்கள் செய்தும் முடிந்திருந்தன. மேசனோ எம் தாளில் அடிமட்டம் வைத்து, ஒரு சதமமீற்றருக்கு ஒரு மீற்றராக அளந்து முளையடிக்க வேண்டியவர். அவ்வாறே அடித்திருப்பின் நீளத்தில் 55 சதமமீற்றரும் அகலத்தில் 27 சதமமீற்றரும் குறைந்திருக்கும். புலம்பெயர்ந்த பிள்ளைகள் இரவுவேலை செய்து அனுப்பிய பணத்திற் செய்த சட்டகங்கள் சுவரிற் பொருந்தாமல் வெளியே நீட்டி நின்றிருக்கும்.

மேசன் முதியவர். முளையடிக்குமுன் அவர் வாயிற்றூணையும் கிணற்றையும் பார்த்தார். தாளில் அவ்விரண்டின் இடைவெளி 23.65 மீற்றர். பின்னர், ஒன்றும் பேசாமல் நிலத்தில் நாடாவை இழுத்தார். 24.38 மீற்றர். மறுமுறையும் இழுத்தார், அதேதான். எம்மை அழைத்துச் சொன்னார்: “இந்தக் கிணறு நடக்காது, மாஸ்ரர். உங்கட கடுதாசிதான் நடந்திருக்குது.”

தரையில் நின்ற எமக்கு முகம் எரிந்தது. அதிபர் ஒன்றும் கூறவில்லை. அது இன்னும் சுட்டது. ரொறன்ரோ அன்பரைத் தொலைபேசியில் அழைத்தோம். அங்கே நள்ளிரவு. “அடியிலுள்ள கோட்டை அளந்து பாருங்கள் சேர்” என்றார். பத்து மீற்றர் என்று எழுதிய கோடு பத்துச் சதமமீற்றர் இருத்தல் வேண்டும். ஒன்பதும் ஏழு மில்லிமீற்றருமே இருந்தது. கையில் உண்மையை வைத்துக்கொண்டே யாம் பொய்யைச் சுருட்டி வந்திருந்தோம்.

அன்று வேலையாட்களின் கூலி வீணாயிற்று. அதனை யாமே கொடுத்தோம். சீமெந்து ஊற்றவில்லையென்பதே ஆறுதல்.

மாலையில் அதே கடைக்குச் சென்றோம். சுருக்காமலும் பெருப்பிக்காமலும் அச்சிடுமாறு வேண்டினோம். சின்னத்தின் விளிம்பு மீண்டும் வெட்டுண்டது, விட்டுவிட்டோம். தாள் பொறியிலிருந்து வெளிவந்த சூட்டோடு மேசைமேல் விரித்து, சட்டைப்பையிலிருந்த அடிமட்டத்தை அளவுக்கோட்டின்மேல் வைத்துக் குனிந்தோம். கடையில் வேலைசெய்த இளைஞன் எம்மிடம் படித்தவன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “சேர் இப்பவும் தமிழ்தானே படிப்பிக்கிறீங்கள்?” என்று கேட்டான்.

ஆம் என்றோம், அடிமட்டத்தை எடுக்கவில்லை.