மூலையில் திரும்பும் வழி

பலகோண வடிவத் தடைகள் நிறைந்த ஒரு தளத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு உள்ள மிகக் குறுகிய வழி, தடைகளின் மூலைகளில் மட்டுமே திரும்பும். மேசையைச் சுற்றி ஒரு நூலை இறுக்கி இழுத்தால், அது முனையில் மட்டும் மடங்கி, மற்ற இடமெல்லாம் நேராக நிற்பது போல. கட்டடங்களுக்குள் ரோபோவை நடத்தும் வடிவியல் முறைகள் பலவற்றுக்கும் இதுவே வேர். இதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர்களைத் தேடியதே இக்கட்டுரை.

தேடல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் போய் நின்றது. அங்கிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் 1966 முதல் 1972 வரை உருவான ‘ஷேக்கி’ என்ற ரோபோ, பெட்டிகள் வைத்த அறைகளுக்குள் தானே வழி கண்டு நகர்ந்தது. அதைப் பற்றி நில்ஸ் நில்சன் 1969இல் எழுதிய கட்டுரையில்தான் இந்த முறை தெளிவாக வருகிறது. புறப்படும் புள்ளி, சேரும் புள்ளி, தடைகளின் மூலைகள் ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று மறைவில்லாமல் தெரிபவற்றையெல்லாம் கோடிட்டு இணைத்தால் ஒரு வலை கிடைக்கும். பத்துச் செவ்வகப் பெட்டிகள் இருந்தால் புள்ளிகள் 42. சோதிக்க வேண்டிய இணைகள் 861. எல்லையற்ற வழிகள் உள்ள அறை, எண்ணி முடிக்கக்கூடிய கோடுகளாகிவிடுகிறது. இந்தத் துறையின் அழகான திருப்பம் இதுதான்.

அந்த வலையில் குறுகிய வழியைக் கண்டுபிடிக்க டைக்ஸ்ட்ராவின் முறை 1959இலேயே வெளிவந்திருந்தது. ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் 1968இல் அதைக் கூர்மையாக்கி ‘ஏ ஸ்டார்’ முறையை வெளியிட்டனர். இலக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்ற மதிப்பீட்டையும் இது கணக்கில் சேர்க்கும். மதிப்பீடு உண்மைத் தூரத்தை மிஞ்சாதவரை விடை தவறாது. அறைக்குள் நேர்கோட்டுத் தூரமே அதற்குப் போதும்; எந்த வழியும் அதைவிடக் குறுகியதாக இருக்க முடியாது.

ஆனால் ரோபோ புள்ளி அல்ல, அதற்கு உடம்பு உண்டு. இதற்கான தீர்வைப் பொதுவான முறையாக வளர்த்தவர்கள் லொசானோ-பெரெஸும் வெஸ்லியும், ஆண்டு 1979. ரோபோவைப் புள்ளியாகச் சுருக்கி, அந்த அளவுக்குத் தடைகளைப் பருக்கவைத்தனர். 70 செ.மீ. விட்டமுள்ள வட்ட வடிவ ரோபோ, 90 செ.மீ. அகல வாசலைக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரு நிலைகளையும் 35 செ.மீ. தடித்துப் போட்டால் நடுவே 20 செ.மீ. மிஞ்சும், புள்ளி தாராளமாக நுழையும். வாசல் 65 செ.மீ. என்றால் இடைவெளியே இருக்காது, வழி இல்லை என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடும். நீளமான, திரும்பித் திரும்பிச் செல்ல வேண்டிய உருவத்துக்கு, அது நிற்கும் கோணமும் மூன்றாவது அளவாகச் சேரும்.

மூலையை உரசிச் செல்லும் வழி குறுகியதுதான், ஆனால் சக்கரம் சற்றுப் பிசகினாலும் இடிக்கும். சுவர்களிலிருந்து கூடியவரை விலகியே செல்லும் மாற்று வழிக்கு, அருகிலுள்ள தடைகளுக்குச் சம தூரத்தில் ஓடும் கோடுகளாலான வொரொனாய் வரைபடத்தை 1985இல் ஓ’டன்லெயிங்கும் யாப்பும் பயன்படுத்தினர். தூரம் கொஞ்சம் கூடினாலும், மனிதர்கள் நடமாடும் தாழ்வாரங்களுக்கு இதுவே பொருத்தம்.

முப்பரிமாணத்தில் நிலைமை வேறு. அங்கே குறுகிய வழி மூலையில் மட்டுமல்ல, தடையின் விளிம்பில் எந்த இடத்திலும் மடங்கலாம். எண்ணி முடிக்கும் பட்டியல் கைநழுவிவிடுகிறது. இந்தக் கணக்கு கடினமான வகையைச் சேர்ந்தது என்று 1987இல் கேனியும் ரெய்ஃபும் நிறுவினர். நல்லவேளையாகத் தரையில் நகர்பவற்றுக்கு முழு முப்பரிமாணமும் தேவையில்லை. மாடிக் கட்டடத்தைத் தளம் தளமாகப் பிரித்து, படிக்கட்டையும் லிஃப்டையும் இணைப்புகளாகச் சேர்த்தால், அதே வலை முறையே வேலை செய்கிறது.