உதிரி பாகமும் உண்மைப் பாகமும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கம். பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பகுதிகளாக அதனை வழங்குவர். ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து 1976ஆம் ஆண்டில் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்த மலை அது. விளைபொருள்கள் தலைச்சுமையாக இறங்கிய காலத்தை அங்குள்ள முதியோர் இன்றும் நினைவுகூர்வர். இப்போது மரவள்ளிக் கிழங்கும் புளியும் கடுக்காயும் லாரிகளில் இறங்குகின்றன. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று.

லாரி எஞ்சினுக்கு எந்தப் பாகம் வாங்குவது என்னும் செய்திக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். ஓர் ஏட்டில் எது மூலபாடம், எது பிற்சேர்க்கை என்று தேர்வது தமிழ் கற்போரின் பணி. பட்டறையில் நிற்பவனுக்கும் ஏறத்தாழ அதே பணிதான். அவன் பிழைபடத் தேர்ந்தால் மலைச்சரிவில் ஓர் உயிர் தவிக்கும் என்பதே வேறுபாடு.

2016ஆம் ஆண்டு அது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது; 2019இல்தான் தனி மாவட்டமாயிற்று. எங்கள் ஆறு சக்கர அசோக் லேலண்ட் வண்டி பதினைந்து ஆண்டுகள் உழைத்துக் களைத்திருந்தது. ஏற்றத்தில் இழுவை குறைந்தது. நீலப் புகை வந்தது. ஆயில் நாள்தோறும் குறைந்தது. எஞ்சினை இறக்கிப் பிரித்த மெக்கானிக், லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார். இரண்டு விலைப்பட்டியல்களையும் தந்தார். ஒன்று, முழுவதும் வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகங்களுக்கானது. மற்றொன்று, முழுவதும் 'லோக்கல்' எனப்படும் பிற தயாரிப்புகளுக்கானது. முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அவ்வாண்டுதான் எங்கள் தங்கை கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவளுடைய கட்டணத்திற்கென ஒதுக்கிய பணமும் எஞ்சினுக்குத் தேவையான பணமும் ஒரே பணம்.

வீட்டில் இரு கட்சிகள் தோன்றின. "கம்பெனி பார்ட்ஸ் போடாத எஞ்சினில் மலை ஏறக்கூடாது" என்றார் சிற்றப்பா. "பதினைந்து வருச வண்டிக்குப் புது வண்டிச் செலவா, சித்தப்பா?" என்றார் வண்டி ஓட்டும் அண்ணன். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. தந்தையார் மட்டும் ஒரு குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னார்.

முதலில் நாங்கள் தெளிந்தது 'ஒரிஜினல்' என்னும் சொல்லின் பொருளை. வண்டி செய்யும் நிறுவனம் எல்லாப் பாகங்களையும் தானே வார்ப்பதில்லை. சென்னையில் 1949இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ், பெங்களூரில் 1951இல் தொடங்கப்பெற்று 2008 முதல் போஷ் என்று வழங்கும் மைக்கோ போன்ற பாகத் தொழிலகங்கள் வண்டி நிறுவனங்களுக்கும் பாகங்களை அளிக்கின்றன. தம் பெயரிட்ட பெட்டியில் கடைகளிலும் விற்கின்றன. ஆகவே சந்தையில் இருப்பவை இரு வகையல்ல, நான்கு வகை: வண்டி நிறுவனத்தின் பெட்டி, பாகத்தைச் செய்தவரின் சொந்தப் பெட்டி, அளவு பார்த்துப் பிறர் செய்து தம் பெயரிலேயே விற்பது, பிறர் பெயரைத் திருடி விற்கும் போலி. முதல் மூன்றும் வணிகம், நான்காவது குற்றம். 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் அதற்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. வணிகரின் நேர்மையை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துப் பேசியது இத்தகைய கடைத்தெருக்களுக்கும் பொருந்தும்.

அடுத்து, எஞ்சினின் இயல்பை மெக்கானிக்கிடம் கேட்டறிந்தோம். ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சினின் தத்துவமே இன்றும் நிலவுகிறது. அதில் தீப்பொறி இல்லை. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கினால் எழும் வெம்மையில், தூவப்பட்ட டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அந்நெருக்கத்தைத் தாங்குவன லைனரும் பிஸ்டன் ரிங்குமே. லைனரின் மேல்விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட நூலிழை அளவு உயர்ந்து நில்லாவிடில் ஹெட் கேஸ்கெட் பிடிக்காது. தண்ணீர் ஆயிலில் கலக்கும். டீசல் பம்பினுள் உள்ள பிளஞ்சரின் இடைவெளியோ சில மைக்ரான்களே. தலைமயிரின் தடிப்பு அதனினும் பல மடங்கு பெரிது.

இவற்றைக் கேட்டபின் தந்தையார் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரைந்தார். கெட்டால் பிறவற்றையும் கெடுக்கும் பாகங்கள் முதற்பத்தியில். கெட்டால் வண்டியை நிறுத்தும் பாகங்கள் இரண்டாவதில். கெட்டால் சாலையோரத்திலேயே அரைமணி நேரத்தில் மாற்றத்தக்கவை மூன்றாவதில். பேரிங் முதற்பத்தி, அது உருகினால் கிராங்க் ஷாஃப்ட்டும் உடன் போகும். ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், விளக்கு, கண்ணாடி ஆகியவை மூன்றாம் பத்தி.

ஒரு பாகம் எங்களை வியக்க வைத்தது. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்புற ஆயில் சீல் விலையில் மிகச் சிறியது. எனவே அதை மூன்றாம் பத்தியில் எழுதப் போனார் அண்ணன். "அது ஒழுகினால் கியர் பாக்ஸையே இறக்கணும் தம்பி" என்றார் மெக்கானிக். பாகத்தின் விலை வேறு, அதனை எட்டுவதற்கு ஆகும் கூலியும் நாளும் வேறு என்பது அப்போது விளங்கிற்று. மலையில் மரவள்ளி பிடுங்கி அடுக்கிய உழவருக்கு நாள் என்பது பணமே. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாள்களில் கெடத் தொடங்கும். ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைக்குச் சேருமுன் வண்டி நின்றால், இழப்பு எங்களுடையது மட்டுமன்று. ஆயில் சீல் முதற்பத்திக்கு ஏறியது.

முடிவு இவ்வாறு அமைந்தது. பேரிங், கேஸ்கெட், ஆயில் சீல் ஆகியன வண்டி நிறுவனத்தின் பெட்டியில்; பிஸ்டன், ரிங், லைனர், நாசில் ஆகியன பாகத்தைச் செய்த தொழிலகங்களின் சொந்தப் பெட்டியில், குறைந்த விலைக்கு; ஹோஸ், பெல்ட், விளக்கு முதலியன நற்பெயர் பெற்ற பிற தயாரிப்பில். வடிகட்டிகளில் மட்டும் சிக்கனம் கூடாது என்றார் மெக்கானிக். எங்கள் பகுதிக் கடையொன்றில் விற்கப்பட்ட போலி ஆயில் ஃபில்டரை அறுத்துக் காட்டினார். உள்ளே தாளின் மடிப்புகள் பாதிதான். பெட்டியோ அச்சு அசல். செலவு இரு பட்டியல்களுக்கும் இடையில் நின்றது. தங்கையின் கட்டணமும் தவணை தவறாமல் கட்டப்பட்டது. வண்டி அதன்பின் ஐந்து ஆண்டுகள் மலை ஏறி இறங்கியது; இடையில் இரு ஹோஸ்களும் ஒரு பெல்ட்டும் மாற்றினோம்; எஞ்சினைத் திறக்கவில்லை.

இம்முறை எல்லா எஞ்சினுக்கும் ஒவ்வாது. 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் டீசல் ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தத்திற்கும் மேலாகப் பாய்கிறது. கணினி அதனை அளந்து விடுகிறது. அங்கே டீசல் பம்ப், இன்ஜெக்டர் ஆகியவற்றில் பிறர் தயாரிப்பை நாடுவது தகாது. உத்தரவாதக் காலத்தில் நிறுவனத்தின் விதிகளையும் படித்தறிதல் வேண்டும். மறுபுறம், உண்மைப் பாகம் வெளிக்கடைகளில் கிடைக்காதபடி தடுப்பதும் முறையன்று. 2014ஆம் ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இக்காரணம் பற்றியே. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றதெனினும், உரிமையாளருக்குத் தேர்வுரிமை உண்டு என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது.

இறுதியாக, மாணவச் செல்வங்களுக்கும் வண்டி வைத்திருக்கும் பெரியோர்க்கும் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்வோம். பாகத்தை மாட்டியவுடன் அதன் காலிப் பெட்டியைக் கிழித்து எறிவோம். முழுப் பெட்டிகளை எடைக்கு வாங்கி, அவற்றில் போலியை அடைத்து விற்போர் உளர். ரசீது இல்லாமல் பாகம் வாங்குவதில்லை. "யார் செய்தது? கெட்டால் எதைக் கெடுக்கும்? எட்ட எவ்வளவு பிரிக்க வேண்டும்?" என்னும் மூன்று வினாக்களைக் கடையில் நின்றபடியே கேட்போம். இவற்றுக்கு விடை சொல்லத் தயங்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாயினும், வாங்காமல் திரும்புவோம்.