பனைகளுக்கு நடுவே ஓர் அடிபம்பு

உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து கிழக்கே ஜிஞ்ஜா நைல் பாலத்தைத் தாண்டி ம்பாலே வரைக்கும் சாலையோரம் வாழைத் தோட்டங்கள் தொடர்ந்து வந்தன. குமியை நெருங்க நெருங்க அவை அருகிப் போயின. கருங்கல் பாறைகளும் வெட்டவெளியும் வந்தன, வெளியெங்கும் பனை. வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. வந்திருந்தவர்கள் எல்லோருமே திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். பனையேறிகளின் பேரப்பிள்ளைகளும் எங்களுக்குள் இருந்தார்கள். ஆப்பிரிக்கப் பனை நம் பனைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். நடுமரத்தில் மட்டும் சற்றுப் பருத்திருக்கும்.

சொரோட்டிக்கு அப்பால் தேசோ வட்டாரத்தின் கிராமங்களில் தங்கி, அங்குள்ள சபைகளோடு ஊழியம் செய்வதற்காகப் போயிருந்தோம். முதலில் கண்ணில் பட்டது வறுமைதான். புல் வேய்ந்த வட்ட வடிவ மண் வீடுகள், வெறுங்காலோடு திரியும் பிள்ளைகள், நம்மூரில் மூன்று வகுப்புகளில் உட்கார வேண்டிய பிள்ளைகள் ஒரே அறையில். 1997இல் உகாண்டா அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியதும் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். கட்டடமும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வரவில்லை.

இந்த வறுமையைப் பற்றி ஒரு பெரியவர் சொன்ன பிறகுதான் எனக்கு விவரம் புரிந்தது. தேசோ மக்கள் மாடு வைத்து உழுதவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மந்தை இருந்த காலம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1980களின் கடைசியில் கலகமும் பக்கத்துக் கரமோஜாவிலிருந்து வந்த ஆயுதக் கொள்ளையும் சேர்ந்து அந்த மந்தைகளைத் துடைத்துப் போட்டன. மாடு போனதும் ஏர் போயிற்று. மண்வெட்டியால் கொத்திய நிலத்தில் எவ்வளவுதான் விளையும்? 2003இல் கிளர்ச்சித் தலைவன் கோனியின் படை வந்தபோது மக்கள் மறுபடியும் வீடுகளைப் போட்டுவிட்டு முகாம்களுக்கு ஓடினார்கள். 2007இல் வெள்ளம். இந்த மக்கள் ஏழைகளாகவே பிறந்தவர்கள் அல்லர், ஏழைகளாக்கப்பட்டவர்கள். ஊழியத்துக்கு என்று கிளம்புகிறவர்கள் விமானம் ஏறுமுன் இந்தச் சரித்திரத்தைப் படித்திருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். படிக்காமல் போனால் பரிதாபம் மட்டும்தான் வரும். அது மரியாதைக்கு ஈடாகாது.

நாங்கள் தங்கிய கிராமத்துக்குத் தண்ணீர் கொடுப்பது ஓர் அடிபம்பு. விடியும் முன்பே மஞ்சள் நிற இருபது லிட்டர் கேன்கள் அதன் முன்னால் வரிசை கட்டிவிடும். நம்மூர்த் தெருமுனையில் பார்த்த அதே பம்புதான். அதே நீண்ட கைப்பிடி, அதே சதுரத் தலை, அதே கிறீச் சத்தம். 1960களிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் மிஷன் ஊழியர்கள் வறட்சிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டபோது, வார்ப்பிரும்புப் பம்புகள் அடிக்கடி உடைந்ததால் உறுதியான எஃகுப் பம்பு ஒன்றை உருவாக்கினார்கள். 1970களில் யூனிசெஃப்பும் இந்திய அரசும் அதை மேம்படுத்தி, கோயம்புத்தூர்ப் பக்கம் நிலத்தில் போட்டுச் சோதித்து, இந்தியா மார்க் 2 என்று பெயரிட்டன. அதன் வழிவந்ததுதான் உகாண்டாவில் இன்று ஓடுவது. பஞ்ச காலத்தில் யாரோ சில ஊழியக்காரர்கள் செய்த வேலை கண்டம் தாண்டி வந்து நிற்கிறது. அந்தக் கைப்பிடியைப் பிடித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

நாங்கள் இருந்தபோதே அது ஒரு நாள் நின்றுபோனது. கைப்பிடி ஏறி இறங்குகிறது, தண்ணீர் வரவில்லை. கீழே சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்துவிட்டது. வாஷர் சின்னச் சாமான்தான். அதை மாற்ற இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். அதற்குக் கருவிகளும் வேலை தெரிந்த ஆளும் வேண்டும். தண்ணீர்க் கமிட்டியின் பொருளாளர் ஓர் அம்மா. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் வீட்டுக்கு வீடு மாதச் சந்தா எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து பணம் எடுத்து மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் பழைய டிவிஎஸ் வண்டியில், குழாய் பிடிக்கும் கிளாம்ப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊர் ஆண்கள் சேர்ந்து குழாய் இழுத்தார்கள்; நாங்களும் கை கொடுத்தோம். சகாராவுக்குத் தெற்கே நாலு அடிபம்பில் ஒன்று ஏறக்குறைய எந்நேரமும் பழுதாகிக் கிடக்கிறது. நன்கொடைக்காரரின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும் பம்புகளை வழியில் நாங்களும் பார்த்தோம். இந்த ஊர்ப் பம்பு ஓடுவதற்குக் காரணம் அந்த அம்மாவின் நோட்டு.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏலம் நடந்தது. எங்கள் சேகரத்து ஸ்தோத்திரப் பண்டிகையில் நடப்பது போலவேதான். காசு இல்லாதவர்கள் முட்டை, மரவள்ளி, நிலக்கடலை, கோழி என்று கொண்டுவந்து காணிக்கை வைக்கிறார்கள். காசு உள்ளவர்கள் ஏலம் எடுக்கிறார்கள். ஒரு பாட்டி துணியில் முடிந்து கொண்டுவந்த முட்டைகளை ஓர் இளைஞர் போட்டி போட்டு விலை ஏற்றி எடுத்தார். எடுத்த கையோடு எங்களிடம் வந்து, விருந்தாளிகளுக்கு என்று நீட்டினார். எங்களோடு வந்திருந்த ஐயரம்மா (எங்கள் போதகரின் மனைவி) இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழுதுவிட்டார்.

கொடுக்கப் போனவர்கள் நாங்கள் என்ற எண்ணம் அந்த இடத்தில் நிற்கவில்லை. எங்கள் ஊருக்கும் சுவிசேஷம் கொண்டுவந்த அதே சி.எம்.எஸ். மிஷனெரி சங்கம்தான் 1877இல், இன்றைய உகாண்டாவிலுள்ள புகாண்டாவின் அரசன் முதேசாவின் அவைக்குப் போனது. பத்தாண்டுகளுக்குள் நமுகோங்கோவில் அந்நாட்டு இளைஞர்கள் விசுவாசத்துக்காக நெருப்பில் உயிர் கொடுத்தார்கள். 1977இல் இடி அமீனின் ஆட்சி பேராயர் ஜனனி லுவூமைக் கொன்றது. இத்தனையையும் தாங்கி நிற்கும் சபைக்கு நாங்கள் புதிதாக என்ன கற்றுக் கொடுத்துவிட முடியும்? 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டாரிடம் கேட்டது சிநேகம். தியாகமும் பணமும் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் சிநேகிதர் வரவில்லை என்பதே அவருடைய மனக்குறை. இப்போது விமானம் ஏறுகிறவர்கள் நாம். அசரியா கேட்டதை இன்று நம்மிடம் கேட்கிறவர்கள் தேசோக்காரர்கள்.

நாங்கள் செய்ததில் தவறும் உண்டு, சரியும் உண்டு. பள்ளிச் சுவருக்கு நாங்கள் வெள்ளையடித்தோம். அதை அந்த ஊர்ப் பையன்களே நன்றாகச் செய்திருப்பார்கள், கூலியும் அவர்களுக்குப் போயிருக்கும். பிள்ளைகளைப் படம் எடுப்பதற்கு முன் தாயிடம் கேட்க வேண்டும் என்பதை எங்கள் குழு விதியாகவே வைத்திருந்தது. எல்லாக் குழுவும் வைக்க வேண்டும்.

கடைசி மாலை அங்குள்ள போதகர் எங்களிடம் ஜெபக் குறிப்பு கேட்டார். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்ததையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டதையும் சொன்னோம். வெள்ளம் என்றதும் மதர்ஸ் யூனியன் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எத்தனை வீடு போயிற்று, விதை மிஞ்சியதா என்று விசாரித்துவிட்டு, முழங்காலில் நின்று எங்கள் ஊருக்காக நெடுநேரம் ஜெபித்தார்கள்.

திரும்பி வந்ததும் சேகரக் கமிட்டியில் அவர்கள் கேட்டதை அப்படியே வைத்தேன்: அடுத்த கிராமத்தில் நின்றுபோன பம்புக்கு உதிரி பாகங்கள், மெக்கானிக்குக்கு இன்னொரு செட் கருவி, ஊரிலேயே இரண்டு பெண்களுக்குப் பழுது பார்க்கும் பயிற்சி. இன்னொரு குழு போவதானால் குடிநீர் வாரியத்தில் அடிபம்பு பழுது பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் சபை அண்ணாச்சி ஒருவர் கட்டாயம் அதில் இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அவர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.