எறும்பு வீட்டில் ஒரு குடித்தனம்

போடியிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஜீப்புகள் திரும்பிப் போன பிறகுதான் மலைச்சரிவு தன் சொந்தச் சத்தத்துக்கு வருகிறது. கொட்டகுடிப் பக்கம், காப்பிச் செடியும் ஏலமும் கலந்த தோட்டம். மார்ச் மாதத்து வெயில் நிழல் மரங்களைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை.

டர்ர்ர்ர் என்று ஒரு தட்டல். வேகமாகத் தொடங்கி, கரண்ட் போன பம்புசெட் மோட்டார் போலத் தேய்ந்து தேய்ந்து நிற்கிறது. முடிவில் இப்படி இழுத்து ஓய்வதை வைத்தே பறவையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: செம்பழுப்பு மரங்கொத்தி.

பலாமரக் கொப்பில் கருத்த உருண்டையாக ஓர் எறும்புக்கூடு. மரநாரையும் சருகையும் மென்று பிசைந்து கட்டியது. கட்டியவை, வயிற்றை முதுகுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடும் சின்னக் கருப்பெறும்புகள். தொட்டால் கூட்டமாக வந்து கடிக்கும். அந்தக் கூட்டின் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை.

ஆண் பறவை வந்து ஒட்டிக்கொள்கிறது. மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது. செம்பழுப்பு உடம்பு, இறக்கையில் கருங்கோடுகள், கண்ணுக்குக் கீழே சிவப்புத் தீற்று. எறும்புகள் கூட்டிலிருந்து கொட்டி அதன் காலில் ஏறுகின்றன. அது பொருட்படுத்தவில்லை. தொலைநோக்கியில் வால் நுனி தெரிகிறது: இறகோடு இறகாக ஒட்டிய பசை, அதில் கருப்புப் புள்ளிகள். கடித்த பிடி விடாமல் செத்துப்போன எறும்புகளின் தலைகள் அவை. உள்ளிருந்து பெண் பறவை வெளியே பறக்க, ஆண் உள்ளே நுழைகிறது. இரண்டோ மூன்றோ வெள்ளை முட்டைகள். அடைகாப்பதும் ஊட்டுவதும் இரண்டுக்கும் பொது.

கலிஃபோர்னியாவில் ஒரு மரங்கொத்தி உண்டு. மரத்தில் ஆயிரக்கணக்கில் துளையிட்டு, துளைக்கொரு கருவாலிக் கொட்டையைச் செருகி, குளிர்காலத்துக்காகக் குடும்பத்தோடு காவல் காக்கும். உலகமே அதை வியக்கிறது, வியக்கட்டும். நம் மலைப் பறவை சேமிப்பதில்லை. தான் தின்னும் எறும்பின் வீட்டுக்குள்ளேயே, எறும்புகள் உயிரோடு நடமாடும்போதே, குஞ்சு பொரிக்கிறது. என் மனசுக்கு இதுதான் பெரிய துணிச்சல்.

எறும்புக்கூடு தங்க நிழல் மரம் வேண்டும். நிழல் இல்லாமல் ஏலமும் விளையாது. அதனால்தான் காடு குறைந்த இந்தச் சரிவுகளிலும் இந்தப் பறவைக்கு இன்னும் இடம் இருக்கிறது. சிக்கல் மே மாதத்தில் வருகிறது. மழைக்கு முன்னால் நிழலைக் குறைக்கக் கொப்புகளைச் சீவுவார்கள். எறும்புக்கடிக்குப் பயந்து, கூடு உள்ள கொப்பையே முதலில் வெட்டித் தள்ளத் தோன்றும். பிப்ரவரி முதல் ஜூன் வரை பறவைக்கு அடைகாக்கும் காலம்.

தோட்டக்காரர்களே, கொப்பு சீவ ஆள் விடும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். எறும்புக்கூட்டில் வட்ட ஓட்டை தெரிந்தால் அந்த ஒரு கொப்பை மட்டும் ஜூன் முடியும்வரை விட்டுவையுங்கள்.