உப்புத் தண்ணீரும் மின்சாரமும்

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தார்கள். சுவரில் இருந்த சுவிச்சுகள் வெறும் அலங்காரமாகக் கிடந்தன. பின்னர் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. 2013இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்புடன் மீண்டும் இணைந்தது. விளக்கு எரிந்தது, மோட்டர் இறைத்தது. ஆனால் மின்சாரத்துடன் எப்படிப் பழகுவது என்று பெண்களாகிய எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பியூஸ் போனால் பார்ப்பதற்கு முன்பு வீட்டில் ஓர் ஆண் இருந்தார். எங்களில் எத்தனையோ பேருக்கு இன்று அவரும் இல்லை.

அச்சுவேலியில் என்னோடு இருக்கும் தங்கை 2009இல் கணவரை இழந்தவள். இரண்டு பிள்ளைகளையும் வளர்க்க அவள் செய்யாத வேலை இல்லை. சீமெந்துத் தொட்டிகளில் கப்பி, கோல்ட் பிஷ் வளர்த்து விற்றாள். மூத்தவன் ஆசைப்பட்டதால் விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து அதில் கடல் மீனும் விட்டாள். வளலாய்க் கடல் கிட்டத்தானே, தண்ணீர் கான்களில் வந்தது. தொட்டியோடு தண்ணீரைச் சுழற்றும் பம்பி, காற்றுப் பம்பி, விளக்கு என மூன்று வயர்களும் சேர்ந்து வந்தன.

ஒருநாள் பின்னேரம் கண்ணாடி துடைக்கக் கையை விட்டவள், விரலில் இருந்த கீறலில் எறும்பு கடித்தது போல இருக்கிறது என்றாள்.

"உப்புப் பட்டு எரியுதாக்கும் அக்கா" என்று தானே சமாதானமும் சொன்னாள். மீன்கள் வழக்கம் போல நீந்திக்கொண்டிருந்தன.

நான் மெயின் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு, திரும்பவும் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இப்போது கடிக்கவில்லை. உப்பு என்றால் மின்சாரம் இல்லாவிட்டாலும் எரியத்தானே வேண்டும்? பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அன்று படுத்தோம்.

மறுநாள் வயரிங் வேலை தெரிந்த தம்பி ஒருவர் வந்து பார்த்தார். தண்ணீருக்குள் இருந்த பம்பியின் வயர் ஓரிடத்தில் வெடித்திருந்தது. அவர் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன். நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இவை உதவும்.

ஒரு லீற்றர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் நல்ல தண்ணீரைவிடப் பல மடங்கு எளிதாக மின்சாரம் அதனூடாகப் பாயும். மீன் உயிரோடு நீந்துவதை நம்பிக் கையை விடக்கூடாது. மின்கம்பியில் இருக்கும் காகத்தைப் போல, மீனின் ஊடாக மின்சாரம் நிலத்துக்குப் போக வழியில்லை. வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நிற்கும் நாங்கள்தான் அந்த வழி.

அடுத்தது உப்புப் பூப்பது. கோடையில் தொண்டைமானாற்றுக் கரை வெளுத்துக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அதே போலத் தொட்டியில் இருந்து தெறிக்கும் நீர் காய்ந்து, மூடியிலும் வயரிலும் பிளக்கிலும் வெள்ளையாகப் படியும். காற்றில் ஈரம் ஏறும்போது அந்த உப்பும் ஈரமாகி மின்சாரத்தைக் கடத்தும். பிளக் சூடாகி நெருப்புப் பிடிப்பதும் இதனால்தான். கிழமைக்கு ஒரு தரமாவது பிளக்கைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

பிளக் பேஸ் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக்கூடாது, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும். வயரை முதலில் பிளக் பேஸுக்குக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே கொண்டுபோய்ச் செருக வேண்டும். அப்போது வயர் வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவில் சொட்டி நிலத்தில் விழும், பிளக்குக்குள் போகாது. பேனையால் குத்தி இரண்டு கால் பிளக்கைத் திணிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

காற்றுப் பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். 2022இல் நாடு முழுவதும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். பம்பி கீழே இருந்தால், மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே திரும்பி அதற்குள் இறங்கிவிடும். மின்சாரம் வந்ததும் ஆபத்தும் வந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ரிப் சுவிச். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். பியூஸ் வயரையும் வீட்டையும் காக்கும், ஆளைக் காக்காது. உயிரைக் குடிக்கும் மின்சாரம் பியூஸை எரிக்கப் போதாது. 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச்தான் மின்சாரம் வழி தவறிப் போவதை உணர்ந்து, கண் இமைக்கும் நேரத்தில் நிற்பாட்டும். எங்கள் வீட்டில் இருந்த பழைய பலகையில் அது இருக்கவேயில்லை. மீன் விற்ற காசில் முதல் வேலையாக அதைப் பூட்டுவித்தோம், ஏர்த் வயரையும் சரிபார்ப்பித்தோம். அதிலுள்ள சிறிய பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பார்க்க வேண்டும். உடனே மின்சாரம் நின்றால் அது வேலை செய்கிறது. நிற்காவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். ரிப் சுவிச் இருக்கிறது என்பதற்காக பிளக்கைக் கழற்றாமல் தொட்டிக்குள் கை வைக்கவும் கூடாது.

யாருக்காவது மின்சாரம் தாக்கினால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். முதலில் மெயின் சுவிச்சை நிற்பாட்டுங்கள். பிறகு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மின்சாரம் போன வருடமும் இந்த இலக்கமும் ஒன்று, மறக்காது.

அந்தத் தம்பி வேலை செய்து முடித்துப் போனபின், "அவர் இருந்திருந்தால் இதெல்லாம் பார்த்திருப்பார்" என்று தங்கை அழுதாள். உண்மைதான். அந்தத் துயரத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இப்போது மிஞ்சியிருப்பது தாய் மட்டும்தான். அவளையும் ஒரு வெடித்த வயருக்குக் கொடுக்க முடியாது.

சகோதரிகளே, தெரியாத வேலையை நீங்களே செய்யச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு மெயின் சுவிச் எங்கே இருக்கிறது, ரிப் சுவிச் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வயரிங்காரர் வந்தால் பக்கத்தில் நின்று, ஏன், எதற்கு என்று கேளுங்கள். அதைக் கேட்பதற்கு நாங்கள் வெட்கப்படத் தேவையில்லை.